மாப்பிள்ளை நிறுத்திய மாத்திரை

சென்னைக்காரனுக்குத் திருநெல்வேலி வெளிநாடுதான். விசா கேட்பதில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். போய் இறங்கியதும் தமிழ் மாறிவிடுகிறது, தண்ணீரின் ருசி மாறிவிடுகிறது, நம்முடைய தகுதியும் மாறிவிடுகிறது. சென்னையில் நான் ஒரு மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனியில் உட்கார்ந்து மற்றவர்களின் ஆஸ்பத்திரிக் காகிதங்களில் குறை கண்டுபிடிக்கிறவன். பாளையங்கோட்டையில் நான் மாப்பிள்ளை. இந்தப் பதவிக்குத் தேர்வு கிடையாது, பயிற்சி கிடையாது, தப்புச் செய்தால் கேட்பாரும் கிடையாது.

இந்தத் தடவை போனது விருந்துக்கு அல்ல. என் மனைவி எஸ்தரின் தம்பி செல்வின் முக்கூடல் பக்கம் பைக்கில் வரும்போது ஒரு டிராக்டரில் இடித்துக்கொண்டான். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, முன்பக்கச் சதை உள்ளங்கை அகலத்துக்குப் பிய்ந்து போயிருந்தது. வெளியே தெரிகிற எலும்பை உயிருள்ள சதையால் மூடாவிட்டால் சீழ் பிடித்துக் காலையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். செல்வின் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். ஒற்றைக் காலோடு விளையாட்டு வாத்தியாராக இருக்க முடியுமா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, எல்லோரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

எஸ்தர் ஆசிரியை. விடைத்தாள் திருத்தும் முகாமில் மாட்டிக்கொண்டாள், லீவு கிடையாது. மாமனார் இல்லை. அத்தை, அதாவது என் மாமியார், தனியாக ஆஸ்பத்திரியில் திண்டாடுகிறார். "நீங்க போங்க, உங்களுக்குத்தான் ஆஸ்பத்திரி விஷயமெல்லாம் தெரியுமே" என்றாள் எஸ்தர். அதில் கிண்டல் இருந்ததா என்று யோசித்தேன். இல்லை என்று முடிவு செய்து பெட்டியைக் கட்டினேன்.

முதல் நாள் காலை ரயில் நின்றதும் ஜன்னலுக்கு வெளியே அத்தை நிற்கிறார். முந்தின நாள்தான் மகனுக்கு எட்டு மணி நேர ஆபரேஷன் முடிந்திருக்கிறது. அவனை விட்டுவிட்டு இஸ்திரி போட்ட சேலையில் ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறார்.

"செல்வின் பக்கத்துல யாரு இருக்கா அத்தை?"

"சிஸ்டர் பாத்துக்கிடுவா. மாப்ள வாரியோ, ஸ்டேஷன்ல ஒருத்தரும் இல்லன்னா நல்லாவா இருக்கும்? அவசரப்படாம பைய எறங்குங்க."

ஆட்டோக்காரர் ஆற்றுப் பாலம் தாண்டுவதற்குள் என் ஊர், உத்தியோகம், பிள்ளைகள் எத்தனை, ஏன் இன்னும் சொந்த வீடு வாங்கவில்லை எல்லாவற்றையும் விசாரித்து முடித்தார். சென்னையில் ஆட்டோக்காரர் நம்மிடம் கேட்பது ஒரே கேள்விதான், அதற்கு நாம் சொல்லும் பதில் அவருக்குப் பிடிக்காது. இங்கே கேள்விகள் அதிகம், பதில் எதுவானாலும் "அதுஞ் சரிதான்" என்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கும் முன் நான் சாப்பிட வேண்டியிருந்தது. கேரியரைத் திறந்து இடியாப்பம், சொதி, இஞ்சித் துவையல் என்று அத்தை பரப்பிவிட்டார். கட்டிலில் மகன் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருக்க, நான் பக்கத்து பெஞ்சில் மூன்றாவது தடவை சொதி ஊற்றிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. சொதி அதைவிட நன்றாக இருந்தது.

"வாங்க அத்தான்" என்றான் செல்வின். எழுந்திருக்கப் பார்த்தான். அக்காள் புருஷன் வந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்பது அவனுக்குள் அப்படி ஊறிப்போயிருக்கிறது. நானும் அத்தையும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து அமுக்கினோம்.

ஏசி அறைதான். ஆனால் ஏசியைப் போடக்கூடாது. சித்திரை வெயிலில், ஜன்னலை மூடி, காலின் மேல் கம்பளியும் போர்த்தியிருந்தார்கள். குளிர் பட்டால் ரத்தக்குழாய் சுருங்கிவிடுமாம். காபி கூடாது, பீடி சிகரெட் நாற்றம்கூட அந்தப் பக்கம் வரக்கூடாது. நான் ரிமோட்டைத் தேடியபோது சிஸ்டர் முத்துலெட்சுமி ஒரு பார்வை பார்த்தார். அந்தக் கட்டடத்திலேயே என்னை அப்படிப் பார்த்தவர் அவர் ஒருத்தர்தான்.

அந்தச் சிஸ்டர் மணிக்கு ஒரு தடவை வருவார். டார்ச் அடித்து, கட்டுக்கு நடுவே விட்டிருந்த ஜன்னலில் தெரியும் சதையை விரலால் ஒரு அமுக்கு அமுக்கி, வெளுத்த இடம் எத்தனை நொடியில் சிவக்கிறது என்று எண்ணுவார். பிறகு பேனா மாதிரி ஒரு கருவியை அதன் மேல் வைப்பார். உஸ், உஸ் என்று ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்கும். அது கேட்டால் அத்தை "ஸ்தோத்திரம்" என்பார். பகல் முழுக்க இதுதான் நிகழ்ச்சி நிரல்.

டாக்டர் மதியம் வந்தார். தொடையிலிருந்து சதையைத் தோலோடும் ரத்தக்குழாயோடும் வெட்டியெடுத்து, காலில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் குழாயோடு குழாயைத் தைத்திருக்கிறார். "தச்ச எடத்துல ரத்தம் கட்டிக்கிடாம இருக்கணும். மொத மூணு நாலு நாள் தாண்டணும், அவ்வளவுதான்" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "நானும் மெடிக்கல் ஃபீல்டுதான் டாக்டர், இன்ஷூரன்ஸ் சைடு" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "அப்ப ஒங்களுக்கு மருந்து மாத்திரையெல்லாம் வெளக்க வேண்டியதில்ல" என்று அடுத்த அறைக்குப் போய்விட்டார். வேண்டியதில்லை என்றே நானும் தலையாட்டினேன்.

அன்றைக்கே மாத்திரைப் பொறுப்பை அத்தையிடமிருந்து வாங்கிக்கொண்டேன். சிஸ்டர் வேளைக்கு ஒரு காகித உறை கொடுப்பார், சாப்பாட்டுக்குப் பிறகு கூட இருப்பவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். அத்தை அதைப் பைபிளுக்குள் வைத்து, ஜெபம் முடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இது சரிப்படாது என்று நான் அட்டவணை போட்டேன், பேனாவில் டிக் அடித்தேன். பார்க்க வந்த சபைப் பெண்களிடம் அத்தை அந்த அட்டவணையைக் காட்டி, "மாப்ள போட்டது" என்றார். அவர்கள் செல்வினுக்காக ஜெபம் செய்யும்போது கடைசி வரியில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள் மதியம் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். செல்வின் கொஞ்சம், நான் நிறைய. கட்டின் ஓரத்தில் ரூபாய் நாணயம் அளவுக்கு ரத்தக் கசிவு தெரிந்தது. காகித உறையைப் பிரித்தால் மூன்று மாத்திரை. அதில் சின்ன வெள்ளை மாத்திரை ஆஸ்பிரின்.

எனக்குள் இருந்த முக்கால் டாக்டர் விழித்துக்கொண்டார். என் மேஜைக்கு வரும் காகிதங்களில் எத்தனை முறை படித்திருக்கிறேன், ஆபரேஷனுக்கு முன் ஆஸ்பிரினை நிறுத்தினோம் என்று. ஆஸ்பிரின் ரத்தத்தை இளக்கும். இங்கே ரத்தம் கசிகிறது. இதைப்போய் யாராவது கொடுப்பார்களா? எங்கோ தவறு நடந்திருக்கிறது, அதை நான் கண்டுபிடித்துவிட்டேன். சம்பளமே அதற்குத்தானே வாங்குகிறேன்.

இரண்டு மாத்திரையைச் செல்வின் கையில் வைத்தேன். அவன் உள்ளங்கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், விழுங்கினான்.

"அது ஒண்ணு மிச்சம் இருக்கே மாப்ள" என்றார் அத்தை.

"ரத்தம் கசியுது அத்தை. அது வேண்டாம். டாக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"சரி மாப்ள."

வெளியே போய்ச் சிஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். மாப்பிள்ளை போய் நர்ஸிடம் சந்தேகம் கேட்பதா? சாயங்காலம் டாக்டர் வந்தபோது நான் டவுனில் வரிசையில் நின்று சூடான அல்வாவை வாழையிலையில் வாங்கி நின்றபடியே தின்றுகொண்டிருந்தேன். தொண்டையில் தானாக இறங்கியது. அந்த நேரத்தில் ஆஸ்பிரின் ஞாபகம் வந்ததாகப் பொய் சொல்ல மாட்டேன்.

மூன்றாம் நாள் காலை அத்தை ஒரு திட்டத்தோடு வந்தார். "மாப்ள, ஆஸ்பத்திரிக்குள்ளயே கெடந்தா ஒங்களுக்கு ஒடம்பு சூடு பிடிச்சிரும். பாவநாசம் போயி ஒரு குளி குளிச்சிட்டு வாங்க. ஒங்கள வெயில்ல போட்டு வதக்குறோம்னு எஸ்தர் என்னைய ஏசுவா." நான் மறுத்தேன். எத்தனை தடவை மறுக்க வேண்டுமோ அத்தனை தடவை மறுத்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். போகும்போது, "அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையை மட்டும் குடுக்காதீங்க, நான் வந்து பாத்துக்கறேன்" என்று உத்தரவும் போட்டேன்.

பாபநாசத்தைப் பற்றிக் குறை சொல்ல முயன்றேன், முடியவில்லை. கோயிலுக்கு எதிரே படித்துறை. படியில் உட்கார்ந்து காலை விட்டால் ஒரு முழ நீள மீன்கள் கூட்டமாக வந்து பொரிக்காக வாயைப் பிளக்கின்றன. மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் சித்திரையிலும் எலும்பு வரை குளிர்ந்தது. சென்னையில் ஆறு என்று நாங்கள் ஒன்று வைத்திருக்கிறோம், ரயில் அதைத் தாண்டும்போது ஜன்னலைச் சாத்திக்கொள்வோம். இங்கே ஜனங்கள் ஆற்றில் குளித்து, துவைத்து, அதிலேயே வாய் கொப்பளித்துவிட்டு ஆரோக்கியமாக இருக்கிறார்கள். பக்கத்தில் குளித்த பெரியவர் என் வெள்ளைத் தொப்பையைப் பார்த்து, "மெட்ராஸா?" என்றார். எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

போன் பையில் கிடந்தது, சிக்னல் இல்லை. ஒரு மணிக்குச் சாப்பிட்டு, ஒன்றரைக்கு பஸ் ஏறி, ஜன்னல் காற்றில் கண்ணயர்ந்தேன். மலை கொஞ்சம் பின்னால் போனதும் போன் துடிக்க ஆரம்பித்தது. அத்தையிடமிருந்து ஒன்பது அழைப்பு. திரும்பக் கூப்பிட்டேன்.

"ஒண்ணுமில்ல மாப்ள. சாப்பிட்டியளா?"

"சாப்பிட்டேன். என்ன அத்தை?"

"நல்லா குளிச்சியளா?"

"அத்தை, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. செல்வின மறுபடி உள்ள கொண்டு போயிருக்காவ. சதை கறுத்துப்போச்சு. நீங்க பதறாம பைய வாங்க."

அப்போதுதான் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை என் வயிற்றுக்குள் இறங்கியது. கடவுள் நம்பிக்கை விஷயத்தில் நான் மாமியார் வீட்டைக் கேலி செய்கிறவன். அன்று பஸ்ஸில் யாருக்கும் தெரியாமல் வாயை முணுமுணுத்தேன்.

முக்கூடலுக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. டயர் பஞ்சர். கண்டக்டர் இறங்கிச் சக்கரத்தைச் சுற்றி வந்து, "எல்லாரும் எறங்கி நெழல்ல நில்லுங்க" என்றார். இரண்டு பக்கமும் வாழைத்தோட்டம். இந்த ரோட்டில்தான் எங்கோ செல்வின் விழுந்து கிடந்திருக்கிறான். அவ்வழியாக வாழையிலைக் கட்டுகளோடு டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்த ஒருவரைக் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"அண்ணாச்சி, பாளையங்கோட்டை போகணும். ஆஸ்பத்திரி."

"நான் டவுன் மார்க்கெட் வரதான் போறேன். ஏறும். கட்டு மேல உக்காராதியும், எல கிழிஞ்சிரும். பின்னால அங்கன கம்பியப் பிடியும்."

கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி முப்பது கிலோமீட்டர். அவர் கேள்விகளை ஆரம்பித்தார்.

"யாருக்கு என்னவே?"

"மச்சினனுக்குக் கால்ல ஆபரேஷன். சதை கறுத்துப்போச்சாம்."

"நீரு என்ன சோலி பாக்கீரு?"

"ஆஸ்பத்திரிக் காகிதமெல்லாம் சரி பாக்குற வேலை."

"அப்ப ஒமக்கு எல்லாம் தெரியுமே."

"நேத்து வரைக்கும் தெரிஞ்சுது அண்ணாச்சி."

அவர் திரும்பிப் பார்த்தார். மார்க்கெட் வந்தது, வண்டி நிற்கவில்லை. ஆற்றைத் தாண்டி நேரே ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து விட்டார். "போவும், ஒண்ணும் ஆவாது" என்றார். வெயிலில் பாதி இலை வதங்கிப்போயிருந்தது. நான் உள்ளே ஓடினேன்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அத்தை உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, இருந்த ஒரே நாற்காலியை எனக்குத் தந்தார். பதினோரு மணிக்கு அமுக்கிப் பார்த்த சிஸ்டர் முத்துலெட்சுமி, நிறம் நாவற்பழம் மாதிரி மாறுவதைக் கண்டு, நடந்துகூடப் போகாமல் ஓடியிருக்கிறார். டாக்டர் அரை மணி நேரத்தில் உள்ளே எடுத்துவிட்டார். இதை அத்தை சொல்லி முடித்துவிட்டு, பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் குடித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

நாலரைக்கு டாக்டர் வெளியே வந்தார். ரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோகும் குழாயில் தையல் போட்ட இடத்தில் ரத்தம் கட்டி அடைத்திருந்ததாம். எடுத்துவிட்டு மறுபடி தைத்திருக்கிறார். பிழைக்குமா என்பது இரண்டு நாளில் தெரியும்.

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா போயிருக்கா?" என்று கேட்டார்.

"எல்லாம் குடுத்தாச்சு டாக்டர்" என்றார் அத்தை. என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று பாடம் நடத்தியவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தவறாதவர். மகனுடைய கால் உள்ளே கிடக்கிறது, இவர் மாப்பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். நான் பேசாமல் இருந்தால் அது அப்படியே நின்றிருக்கும். அந்த ஒரு நொடி பேசாமல் இருக்கத்தான் நினைத்தேன், அதை மறைக்கவில்லை.

"குடுக்கல டாக்டர். ஆஸ்பிரினை நேத்து மத்தியானம் நான் நிறுத்திட்டேன். இன்னிக்கும் குடுக்க வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிட்டேன்."

டாக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "எதுக்கு?"

"ரத்தம் கசிஞ்சுது. ஆபரேஷன்னா ஆஸ்பிரின் கூடாதுன்னு..."

"டெங்கு வந்தா பிளேட்லெட் கொறஞ்சிட்டுன்னு அழுவோம்லா, அதே பிளேட்லெட்தான். குழாயில தையல் போட்டா, அங்கன காயம்னு நெனச்சு ஓடி வந்து அடைக்கும். அது வேலை அது. அதக் கொஞ்சம் மந்தமாக்கத்தான் அந்த மாத்திரை. கசிவ நான் சமாளிப்பேன். அடைப்பு வந்தா கால் போயிரும்."

"அப்ப என்னாலதான்."

"அப்படிச் சொல்ல மாட்டேன். மொத நாள் போட்டதே இன்னும் வேல செஞ்சிட்டுத்தான் இருக்கும். ஒரு வேள தவறாம தின்னவனுக்கும் அடைச்சிருக்கு. அதுக்காக ஒங்களால இல்லன்னும் சொல்ல மாட்டேன். தெரியாது. எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "வெளக்காம விட்டது என் தப்பு. கேக்காம நிறுத்துனது ஒங்க தப்பு" என்று உள்ளே போய்விட்டார்.

குற்றவாளி என்றாவது சொல்லியிருக்கலாம். மன்னித்துவிட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம். இரண்டும் இல்லாமல் அந்த வராந்தாவில் என்னை நிற்க வைத்துவிட்டார். அத்தை என்னைத் திட்டவில்லை. "காபி வாங்கிட்டு வரட்டா மாப்ள?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

எஸ்தருக்குப் போன் செய்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். பன்னிரண்டு வருஷமாகச் சென்னைத் தமிழ் பேசிக்கொண்டிருந்தவள். "ஒமக்கு யாருவே டாக்டர் பட்டம் குடுத்தா? எங்கம்மா வாயத் தெறக்க மாட்டான்னு தெரிஞ்சுதான ஆடுதீரு?" என்று ஆரம்பித்தாள். அவளுக்கு அப்படிப் பேச வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பாதியில் அவளும் அழுதாள், மறுபடி ஏசினாள். அந்த மூன்று நாளில் என்னோடு சரியாகப் பேசியவள் அவள்தான். நான் போனை வைக்கவே இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் எங்கும் போகவில்லை. சிஸ்டர் அமுக்கும்போது நானும் எண்ணினேன். புதிதாக ஒட்டிய சதையின் ஓரம் இரண்டு விரல் அகலத்துக்குக் கறுத்துப்போனது, அதை மட்டும் வெட்டிவிட்டுத் தோல் வைப்பார்களாம். மீதி பிழைத்துக்கொண்டது. ஐந்தாம் நாள் காலை டாக்டர், "கால் இருக்கும்" என்றார். ஓடுமா என்று செல்வின் கேட்டான். "மொதல்ல நடக்கட்டும்" என்றார்.

அன்று மதியம் அத்தை வெளியே பாத்திரம் கழுவப் போயிருந்தார். செல்வினிடம் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு ஒரு மாத்திரை குறையுதுன்னு உனக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது அத்தான். அந்த சின்ன மாத்திரைதான் ரொம்ப முக்கியம்னு ஐசியூல வச்சே சிஸ்டர் சொன்னாவ."

"அப்புறம் ஏன்டா கேக்கல?"

அவன் சங்கடப்பட்டான். கால் போகவிருந்தவன், என் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று யோசித்தான். "நீங்க நிறுத்துனா ஏதாவது காரணம் இருக்கும்னு நெனச்சேன். அத்தான்கிட்ட எப்படிக் கேக்கது?"

சிஸ்டர் முத்துலெட்சுமி மாத்திரை உறையோடு வந்தார். யாரிடம் கொடுப்பது என்று அவர் தயங்கியபோது உள்ளே வந்த அத்தை, "மாப்ளகிட்டயே குடும்மா" என்றார். உறையை வாங்கிப் பிரித்தேன். மூன்று மாத்திரை. ஒவ்வொன்றாகச் செல்வின் உள்ளங்கையில் வைத்தேன்.

"இது மூணும் எதுக்குன்னு என்கிட்ட கேளு" என்றேன்.

அவன் சிரித்தான். "நீங்க தாரியள்லா அத்தான், அது போதும்" என்று மூன்றையும் பார்க்காமலே வாயில் போட்டுத் தண்ணீரை எடுத்தான்.